30000 எம்ஏஎச் என்று விற்ற பொய்: ரெக்கார்டருக்குப் பவர் பேங்க் வாங்குவோர் கவனத்துக்கு

வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் ரெக்கார்டருக்குப் பவர் பேங்க் வாங்கச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் பல உண்டு. ஆண்டுக்கணக்காக என் கேபிள்களும் கனெக்டர்களும் அங்கிருந்துதான் வருகின்றன. என்னை ஏமாற்றிய கடையின் பெயரை எழுதப்போவதில்லை; புகார் நிலுவையில் இருக்கிறது. இந்த ஏமாற்று எந்த ஊர்க் கடையிலும், எந்த இணையச் சந்தையிலும் நடக்கக்கூடியது. அதனால் அது நடந்த விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. கடையில் என் தேவையை ஒன்றுவிடாமல் சொன்னேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து, விடிந்த பிறகு மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன், அவன் வீழ்வதைக் காட்டும் படுகளமாகத் தொடரும். நான்கு காண்டன்சர் மைக்குகள். நான்குக்கும் ரெக்கார்டரே 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், கொடுக்க வேண்டும். ரெக்கார்டருக்கு வேண்டியது யூ.எஸ்.பி வழியே 5 வோல்ட், அதிகபட்சம் ஒரு ஆம்பியர். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் விடியும்வரை கிட்டே போக முடியாது.

“இது 30000 எம்ஏஎச், சார். ஒரு ராத்திரி என்ன, மூன்று ராத்திரி ஓடும். விமானத்தில்கூடத் தாராளமாகக் கொண்டுபோகலாம்” என்றார் கடைக்காரர். தன் கைபேசியைச் செருகிக் காட்டினார், சார்ஜ் ஏறியது. விலை 1,400 ரூபாய், ரசீதும் கொடுத்தார்.

அந்த விமானப் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். பவர் பேங்கின் மேல் எழுதும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) எண், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட் கணக்கில் போட்டது. 30000 எம்ஏஎச்சை, அதாவது 30 ஆம்பியர்-மணியை, 3.7ஆல் பெருக்கினால் 111 வாட்-மணி. விமான நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமல் கைப்பையில் எடுத்துச்செல்ல விடுவது 100 வாட்-மணி வரைதான். எண் உண்மை என்றால் விமானப் பேச்சு பொய். விமானப் பேச்சு உண்மை என்றால் எண் பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள்.

கூத்தன்று ஒன்பதரை மணிக்கே ரெக்கார்டரை ஓடவிட்டேன். பவர் பேங்க் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆவதற்குள் தீர்ந்துவிட்டது. ரெக்கார்டருக்குள் இருந்த நான்கு ஏஏ பேட்டரிகள் சத்தமில்லாமல் சுமையை ஏற்றுக்கொண்டன. நான்கு மைக்குகளுக்கும் ஃபேன்டம் கொடுத்தபடி அவை இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடைசியாக இருக்கும் கோப்பு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சின் நடுவில் முடிகிறது. அதன் பிறகு நடந்த சண்டையும், விடியற்காலையில் முகவீணைக் குழல் ஏறி ஏறி வாசித்ததும், படுகளமும் பதிவில் இல்லை. அந்த ஊரில் பாரதம் நடப்பது ஆண்டுக்கு ஒரு முறை.

வீட்டுக்கு வந்ததும் பவர் பேங்கை முழுதாகச் சார்ஜ் செய்து, யூ.எஸ்.பி மீட்டரும் சுமைக்கு ஒரு ரெசிஸ்டர் பலகையும் மாட்டி அளந்தேன். இந்த மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒலிப்பதிவுப் பையில் நிரந்தரமாக இருக்க வேண்டிய பொருள். வெளியே வந்தது ஏறக்குறைய 15 வாட்-மணி. 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்துவதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வீணாகும் என்று வைத்துக்கொண்டாலும், 111 வாட்-மணி எழுதிய பெட்டி 94 வாட்-மணியாவது தர வேண்டும். ஆறில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. என் ரெக்கார்டர் நான்கு ஃபேன்டம் மைக்குகளோடு மூன்றரை வாட் அளவில் இழுக்கிறது. 15ஐ மூன்றரையால் வகுத்துப் பாருங்கள். அது நின்ற நேரம் சரியாக வந்துவிடும்.

எடையும் காட்டிக்கொடுத்தது. பெட்டி கால் கிலோகூட இல்லை. விரல் பருமனுள்ள 18650 வகைச் செல்லில் உலகின் நல்ல தயாரிப்பாளர்கள் அடைந்திருப்பதே 3500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம்தான். ஒரு செல்லின் எடை 45 முதல் 50 கிராம். உண்மையான 30000 வேண்டுமென்றால் ஒன்பது செல்களாவது வேண்டும். செல்கள் மட்டுமே 400 கிராமுக்கு மேல் போகும். 18650 செல்லின் மேல் 9900 என்று அச்சடித்து விற்பதையும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு செல் கிடையாது. எடை சரியாக இருந்தாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். கனத்துக்காக மணலை அடைத்து விற்ற பெட்டிகளும் உண்டு. மீட்டருக்குத்தான் பொய் சொல்ல முடியாது.

அளந்ததைக் காணொளியாக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மறுபடியும் தன் கைபேசியைச் செருகினார். “பாருங்கள் சார், ஏறுகிறதா இல்லையா? உங்கள் ரெக்கார்டரில்தான் கோளாறு.” எத்தனை மணி நேரம் ஏறும் என்பதுதான் என் கேள்வி என்று காணொளியைக் காட்டினேன். அதைப் பாதி பார்த்ததும் குரல் மாறியது. பணம் தர மாட்டார்களாம், மாற்றித் தருவார்களாம். “இது கம்பெனிப் பொருள் சார், பெரிய ரெக்கார்டர், சின்ன ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் இதைத்தான் வாங்கிப்போகிறார்கள்” என்று இன்னொன்றை நீட்டினார். இது 20000. மேலும் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இந்த இரண்டாவது பெட்டியின் கொள்ளளவில் பெரிய பொய் இல்லை. கைபேசிக்கு நன்றாகவே உழைக்கும் பொருள்தான். ஆனால் ரெக்கார்டருக்கு ஏற்றது என்று சொல்லி விற்றது முழுப்பொய். ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். முதல் பெட்டி போன்ற அப்பட்டமான போலியைக் கொஞ்சம் பழகினால் கண்டுகொள்ளலாம். இது நல்ல பெட்டி என்பதால் சந்தேகமே வராது.

கைபேசி குடம் நிரப்புவதுபோல மளமளவென்று வாங்கிக்கொண்டு, நிரம்பியதும் நிறுத்திவிடும். ரெக்கார்டரோ இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். பவர் பேங்குகள் கைபேசிக்காகச் செய்யப்பட்டவை. வெளியே போகும் மின்னோட்டம் 50 அல்லது 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால், கைபேசி நிரம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பல பெட்டிகள் சில நொடிகளிலோ ஒரு நிமிடத்துக்குள்ளோ தாமாக அணைந்துவிடும். ஃபேன்டம் இல்லாத சின்ன கைரெக்கார்டர் எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள். இரண்டு ஏஏஏ அல்கலைன் பேட்டரிகளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடும் ஒரு ரெக்கார்டர், 5 வோல்ட் கணக்கில் 60 மில்லி ஆம்பியர் அளவில்தான் வாங்கும். அணைகிற எல்லைக்குள்ளேயே அது குடியிருக்கிறது. என் சின்ன ரெக்கார்டரை அந்தப் பெட்டியில் செருகி மொட்டை மாடியில் வைத்தேன். பறவைச் சத்தம் வருவதற்கு முன்பே அணைந்துவிட்டது. திரும்ப இயக்கினால் திரும்ப அணைகிறது.

இதில் இன்னொரு கேடு இருக்கிறது. ரெக்கார்டருக்குள் பேட்டரி இல்லாமல் வெளி மின்சாரத்தை மட்டும் நம்பியிருந்தால், மின்சாரம் திடீரென்று அறும்போது வேவ் ஒலிக்கோப்பு மூடப்படாமல் நின்றுவிடும். கோப்பின் நீளத்தை அதன் தலைப்பகுதியில் எழுதும் வேலை கடைசியில்தான் நடக்கிறது. அது நடக்காவிட்டால் கணினி கோப்பைப் பூஜ்ஜிய நீளம் என்று காட்டும். உள்ளே ஒலித் தரவு பெரும்பாலும் இருக்கும், மீட்டெடுக்கலாம். அந்த மெமரி கார்டில் வேறு எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட வேண்டும்.

அதே பெட்டியைப் பெரிய ரெக்கார்டரில் மாட்டினேன். அணையவில்லை. ஆனால் ஹெட்போனில் மெல்லிய கீச்சொலி. மத்தளமும் தாளமும் முழங்கும் கூத்தில் அது அமுங்கிவிடும்; இரவு நேரக் காட்டையோ ஒரு கிழவி மெதுவாகச் சொல்லும் கதையையோ பதிவு செய்தால் நன்றாகக் கேட்கும். பவர் பேங்கில் மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்சுற்று வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. அந்த வேகம் காதுக்கு எட்டாது. சுமை குறைவாக இருக்கும்போதோ, பல மின்சுற்றுகள் மின்சாரத்தை மிச்சப்படுத்த விட்டு விட்டு இயங்கத் தொடங்கும். அப்போது அந்தத் துடிப்பு காதுக்கு எட்டும் அலைவரிசைக்கு இறங்கிவிடும். ரெக்கார்டரில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் முன்பெருக்கி சுமாரானதாக இருந்தால் அப்படியே பதிவில் ஏறும். மைக்கைப் போர்வைக்குள் சுற்றி, கெய்னை (ஒலிப்பெருக்க அளவை) கூட்டி, உள் பேட்டரியில் ஒரு நிமிடம், பவர் பேங்கில் ஒரு நிமிடம் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (அலைவரிசைப் படம்) பாருங்கள். ஒன்றில் மட்டும் நேர்கோடுகள் தெரிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பதிவின்போதே ஜெனரேட்டர் லைனிலிருந்து பவர் பேங்கைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று கடையில் ஒரு யோசனையும் சொன்னார்கள். சீரியல் விளக்குகள் தொங்கும் திருவிழா லைனில் அதைச் செய்தால் கீச்சொலியோடு 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

மறுபடி போனபோது கடைக்காரர் ரசீதின் அடியில் இருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’ அந்த வரியைக் கண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரசீது தர மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் பதிந்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. மீட்டர் காணொளியும் ரசீதும் இருக்கின்றன.

முதல் பெட்டியின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தன. இந்தியாவில் பவர் பேங்குக்கு இந்தப் பதிவு கட்டாயம். எண்ணைப் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று வரும். என் பெட்டியின் எண்ணுக்கு வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. கடையில் நின்றபடியே இதைச் செய்துவிடலாம். பணம் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள்.

பிறகு வேறிடத்தில் வாங்கியதைப் பற்றியும் பலர் கேட்டார்கள். பெட்டியின் மேல் வாட்-மணியும், 5 வோல்ட்டில் உண்மையாகக் கிடைக்கும் கொள்ளளவும் தனியாக அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தேன். நேர்மையான 10000 பெட்டியில் இந்த இரண்டாவது எண் 6000 பக்கத்தில் இருக்கும். குறைவாக இருக்கிறதே என்று விலக வேண்டாம், அந்த எண்ணை எழுதுகிறவரைத்தான் நம்பலாம். குறைந்த மின்னோட்டத்துக்கான முறை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சில பெட்டிகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் கடிகாரம், இயர்போன் போன்றவற்றுக்காக அது இயங்கும். அதிலும் எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்று பாருங்கள், சிலவற்றில் இரண்டு மணி நேரத்தில் தானாக முடிந்துவிடும். கூடவே ஒரு சின்ன யூ.எஸ்.பி விளக்கை இரண்டாவது துளையில் செருகி மின்னோட்டத்தை எல்லைக்கு மேல் வைத்திருக்கிறவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் இருட்டில் கூத்து பார்க்கிறவர்கள் திட்டுவார்கள்.

சின்ன ரெக்கார்டருக்குப் பவர் பேங்கே வேண்டாம் என்பது என் முடிவு. நல்ல நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரிகள் ஒரு ஜோடி உள்ளே, ஒரு ஜோடி சட்டைப் பையில். மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் 1.2 வோல்ட்டைப் பார்த்து ரெக்கார்டர் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

கேமராக் கடைகளில் கிடைக்கும் சோனி என்பி-எஃப் வகைப் பேட்டரிகளை ரெக்கார்டருக்கு வாங்குகிறவர்களும் இதே கணக்கைப் போடுங்கள். பெரிய 970 அளவில் இருப்பது ஆறு செல்கள், இரண்டு இரண்டாகத் தொடரில் சேர்த்து மூன்று வரிசை. ஒரு வரிசை 3500ஐ அதிகம் தாண்டாது என்பதால் 10500ஐ வெகுவாகத் தாண்டி எந்த எண் அச்சிட்டிருந்தாலும் அது பொய். நடைமுறையில் 6600 பக்கத்தில் சொல்கிறவர் பெரும்பாலும் உண்மை சொல்கிறார். அதையும் மீட்டரில் ஒரு முறை காலி செய்து பார்த்த பிறகே பதிவுக்கு எடுத்துப் போங்கள்.