வெனிஸில் இரவுப் படமெடுக்க 1-ஆம் எண் படகு: காசுக்குத் தகுமா?

வெனிஸின் பொதுப் படகான வப்பொரெட்டோவில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. 75 நிமிடச் சீட்டை மூன்று தடவை வாங்குவதை விட இரண்டாவதுதான் லாபம். கேமராவோடு போகிறவர் மூன்றோடு நிறுத்துவதில்லை. ஏறுமுன் படகுத்துறையில் உள்ள கருவியில் சீட்டை ஒற்ற மறந்தால் அபராதம்.

1-ஆம் எண் வப்பொரெட்டோ பியாட்சாலே ரோமாவில் கிளம்பி, பெரிய கால்வாய் நெடுக நின்று நின்று சான் மார்க்கோ வழியே லீடோ தீவுக்குப் போகிறது. இடம் பார்க்க இதை விடத் தோதான வண்டி இல்லை. ஆனால் நல்ல படம் படகில் கிடைக்காது, கல் தரையில்தான் கிடைக்கும்.

படகில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்காராதீர்கள், உள்விளக்கு முழுவதும் பிரதிபலிக்கும். நடுவே உள்ள திறந்த தளத்தில், சான் மார்க்கோ பக்கம் போகும்போது வலப்புறமாக நில்லுங்கள். சலூத்தே தேவாலயம் அந்தப் பக்கம்தான் வரும். லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஷட்டர் 1/125 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 முதல் 6400 வரை. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தைத் தாங்கும், படகின் ஓட்டத்தைத் தாங்காது. துறையை நெருங்கும்போது இன்ஜினைப் பின்னோக்கி முடுக்குவார்கள், தளமே அதிரும். இரண்டு துறைகளுக்கு நடுவில் கிளிக் செய்யுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். கயிறு கட்ட வரும் ஊழியருக்கு வழி விடாவிட்டால் திட்டு நிச்சயம், அது நியாயமும்கூட.

பலர் ஏமாறுவது துறையில். அது மிதவை. கடந்து போகும் ஒவ்வொரு படகின் அலைக்கும் ஆடும். அங்கே ட்ரைபாடை விரித்து 15 வினாடி எக்ஸ்போஷர் வைத்தால் விளக்கெல்லாம் புழுவாக நெளியும். எவ்வளவு விலை உயர்ந்த ட்ரைபாடும் இதற்கு மருந்தில்லை. பத்தடி நடந்து கரைக்கு வாருங்கள்.

அக்காதெமியா பாலத்தில் இறங்கினால் சலூத்தேயின் குவிமாடம் கால்வாய் முடிவில் தெரியும். 50 முதல் 85 மிமீ லென்ஸ் போதும். ஆனால் பாலத்தின் நடைதளம் மரம், கூட்டம் நடந்தாலே நடுங்கும். 20 வினாடி ஒன்றுக்குப் பதில் ஐஎஸ்ஓவைக் கூட்டி 2 வினாடியில் பல படங்கள் எடுத்து, ஆடாததைப் பொறுக்குவதே வழி. சூரியன் மறைந்த 20 முதல் 40 நிமிடத்துக்குள் வானில் நீலம் மிஞ்சியிருக்கும். அது போனால் குவிமாடத்தின் விளிம்பு கருப்பில் கரைந்துவிடும்.

2-ஆம் எண் படகும் அதே சீட்டில்தான். சாத்தெரெ கரையில் இறங்கினால் எதிரே ரெதென்தோரே தேவாலயம். 1577-இல் தொடங்கிய அதுவும் 1631-இல் தொடங்கிய சலூத்தேயும் கொள்ளைநோய்க்காக நகரம் செலுத்திய நேர்த்திக்கடன்கள். இரண்டின் வெள்ளைக் கல் முகப்பும் ஒளிவிளக்கில் படத்தில் முதலில் விவரமின்றி வெளுத்துப்போகும். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) 3400 கெல்வின் அருகே இருக்கட்டும். கரை கல் என்பதால் இங்கே எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 20 வினாடி தாராளமாக வைக்கலாம், ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். 30 வினாடியில் வப்பொரெட்டோ ஒன்று கடந்தால் ஒளிக்கோடு கிடைக்கும், அதுவே படத்தைத் தூக்கும்.

கடல் நீர் ஏறிச் சான் மார்க்கோ சதுக்கம் நனைந்திருந்தால் பிரதிபலிப்பு அருமை. அது உப்புத் தண்ணீர், அன்றிரவே ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பூட்டுகள் இறுகிவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைந்த ஒன்று நள்ளிரவுக்காக: அப்போது 1-ஆம் எண்ணுக்குப் பதில் ஓடும் ‘N’ எனும் இரவுப் படகு எல்லாத் துறையிலும் நிற்காது, இடைவெளியும் நீளம். கடைசி இடத்தைத் தங்குமிடத்துக்கு நடக்கும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.