மைக்ரோபிட்எக்ஸ்: சில வருஷம் ஓடிய செட்டுக்குச் சுருதி சேர்ப்பது

ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் 10 வாட் அமெச்சூர் ரேடியோ செட்; கேட்கவும் பேசவும் இது ஒன்றே. போர்டு தயாராக வரும். பெட்டி, கனெக்டர், வயரிங் மட்டும் நம் வேலை. ஒரே நாளில் ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிடும். வந்த சந்தோஷத்தில் காலிப்ரேஷனை அரைகுறையாக முடித்துவிட்டு, "குரல் தகரம் மாதிரி இருக்கு" என்று எதிர்முனை சொல்வதைக் கேட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. செட் மேல் குற்றமில்லை. வரிசை தப்பியிருக்கும், அவ்வளவுதான்.

இங்கே உள்ள எண்கள் நான்காம் பதிப்புக்கு. ஐந்து, ஆறில் இரண்டாம் ஐஎஃப் (செட்டுக்குள் சிக்னல் மாற்றப்படும் இடைநிலை அலைவரிசை) 12 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 11.059, எண் மாறும், முறை அதேதான்.

முதலில் அலைவரிசை, பிறகுதான் பிஎஃப்ஓ (சிக்னலைக் கேட்கும் குரலாக மாற்ற உதவும் ஆசிலேட்டர்). செட்டில் அலை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்களும் எஸ்ஐ5351 என்ற ஒரே சிப்பில், ஒரே 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து பிறக்கின்றன. கிரிஸ்டல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) விலகினால் 7 மெகாஹெர்ட்ஸில் 70 ஹெர்ட்ஸ், 28இல் 280 ஹெர்ட்ஸ் பிழை. 7இல் "பரவாயில்லை" என்று விட்டது 28இல் பல்லைக் காட்டும். ஆகவே, கிடைக்கிற சிக்னல்களில் உயரமானதை வைத்துச் சரிசெய்யுங்கள். சீனாவின் BPM என்ற நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. பகலில் 15இல் தேடிப் பாருங்கள்.

கையேடுகள் ஜீரோ பீட் செய்யச் சொல்லும், அதாவது ஊளை இறங்கி இறங்கிப் பூஜ்யமாகும் வரை திருப்பச் சொல்லும். காதால் அது முடியாது. ஊளை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கியதும் கிரிஸ்டல் ஃபில்டர் அதை விழுங்கிவிடும்; அந்த அமைதியில் எது பூஜ்யம் என்று யாருக்குத் தெரியும்? நடைமுறைக்கு ஒத்துவரும் வழி: யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டையில்) டயலை 14.999.000இல் வையுங்கள். கேட்க வேண்டியது 1000 ஹெர்ட்ஸ் ஒலி. போனில் ஏதாவது ஸ்பெக்ட்ரம் ஆப்பைத் திறந்து ஸ்பீக்கர் முன்னால் பிடியுங்கள். நொடித் துடிப்புகளை விட்டுவிட்டு, அசையாமல் நிற்கும் கோட்டைப் பாருங்கள். 1030 என்று காட்டினால் பிழை 2 பிபிஎம். மெனுவில் காலிப்ரேஷன் எண்ணைத் திருப்பிக் கோட்டை 1000க்குக் கொண்டுவந்து சேமியுங்கள். செட்டைப் போட்டு அரைமணி நேரம் ஆனபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சில்லென்றிருக்கும்போது வைத்த எண், பெட்டி சூடானதும் தள்ளிப்போகும்.

அடுத்தது பிஎஃப்ஓ. இதை மாற்றினால் டயல் அலைவரிசை நகராது. மென்பொருள் முதல் ஆசிலேட்டரை அதே அளவு நகர்த்தி ஈடுகட்டிவிடும். மாறுவது ஃபில்டர் ஜன்னல் (ஃபில்டர் கடக்கவிடும் பரப்பு) ஒலியில் எங்கே விழுகிறது என்பது மட்டுமே. ஆளில்லாத இடத்தில் ஆன்டெனா இரைச்சலைக் கேட்டபடி அதே ஆப்பில் பாருங்கள்: இரைச்சல் மேடு ஏறத்தாழ 300இல் எழுந்து 2700 பக்கம் விழ வேண்டும். நான்காம் பதிப்பில் பிஎஃப்ஓ பெரும்பாலும் 11.996 முதல் 11.998 மெகாஹெர்ட்ஸுக்குள் அமையும். 50 ஹெர்ட்ஸ் படியாக நகர்த்துங்கள். அது ஃபில்டரின் கீழ்விளிம்பில் நிற்பதால், எண்ணைக் கூட்டினால் ஜன்னலுக்குள் நுழையும்: குரல் பானைக்குள் பேசியது போலாகும், கேரியர் (குரலைச் சுமக்கும் வெற்று அலை) கசியும், எதிர்ப் பக்கப்பட்டை எட்டிப்பார்க்கும். குறைத்தால் அடிக்குரல் போய்த் தகரம். ஒலிபரப்பும் இதே ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. அதனால் கேட்கும்போது இனிமை என்று கூட்டி வைத்துவிடாதீர்கள்.

அடுத்து பயாஸ், அதாவது பவர் ஆம்ப் டிரான்சிஸ்டர்களில் சிக்னல் இல்லாதபோது ஓடும் கரன்ட்டை வைப்பது. வேலை சின்னதுதான். தப்பினால் அந்த ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் புகையும். மூன்று ட்ரிம்மரையும் குறைந்தபட்சத்தில் வைத்து, ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டி, மைக்கைக் கழற்றி, பவர் ஆம்ப் சப்ளை வயரில் அம்மீட்டரைத் தொடராகப் போடுங்கள். பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தி ஆர்வி2 ட்ரிம்மரைத் திருப்பி 100 மில்லிஆம்ப் கூட்டுங்கள், பிறகு ஆர்வி3யால் இன்னொரு 100. கரன்ட் லிமிட் உள்ள சப்ளை என்றால் 1 ஆம்பில் பூட்டிவிடுங்கள். ஹீட் சிங்க்குகள் டிரான்சிஸ்டரின் ட்ரெய்ன் முனையோடு நேரடியாக ஒட்டியவை. பெட்டியையோ பூமிப் பக்கத்தையோ தொட்டால் ஷார்ட்.

லோ பாஸ் ஃபில்டரில்தான் இந்தப் போர்டின் உண்மையான பலவீனம். மூன்றாம், நான்காம் பதிப்புகளில் ரிலேக்களும் தடங்களும் நெருங்கி இருப்பதால், சுருள்கள் தடுக்க வேண்டிய ஹார்மானிக் (சிக்னலின் இரண்டு, மூன்று மடங்கு அலைவரிசையில் எழும் தேவையற்ற அலை) ரிலே ஓரமாகத் தாவிப் போய்விடுகிறது. சுருளை எத்தனை முறை சுற்றினாலும் தீராது. ரிலேயை மாற்றவோ வெளியே தனி ஃபில்டர் போர்டு வைக்கவோ வேண்டும். ஐந்தாம் பதிப்பில் அமைப்பே மாறியது. மேல் பேண்டுகளில் இன்னொரு தொல்லை: 45 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் கசிந்து, 28இல் பேசும்போது 45 கழித்தல் 28, அதாவது 17இலும் ஒரு நிழல் போகும். 30 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் அதைக் கைதட்டி வழியனுப்பும்!

இவற்றை அளக்க டைனிஎஸ்ஏ என்ற சிறு ஸ்பெக்ட்ரம் அனலைசர் போதும். 10 வாட் என்பது 40 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). 10 வாட் தாங்கும் 40 டிபி அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போட்டால் கருவிக்கு 0 டிபிஎம் போகும். அதுவே அதன் மிக்சருக்கு அதிகம், கருவியே ஹார்மானிக் உண்டாக்கும். உள் அட்டெனுவேஷனை 30 டிபியாக வையுங்கள். இன்னும் சந்தேகமென்றால் வெளியே 10 டிபி கூட்டுங்கள்: செட்டின் ஹார்மானிக் என்றால் முதன்மைச் சிக்னலோடு சேர்ந்து அதே 10 இறங்கும், அதைவிட அதிகமாக இறங்கினால் கருவியின் கைவரிசை. முதன்மைச் சிக்னலுக்குக் குறைந்தது 43 டிபி கீழே ஹார்மானிக் இருக்க வேண்டும்.

காலிப்ரேஷன் எண், பிஎஃப்ஓ எண் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஃபர்ம்வேர் மாற்றும் அன்று இந்த எண்களைச் சேமித்திருக்கும் ஈஈப்ராம் நினைவகம் அழிந்தாலும், அந்தச் சீட்டு இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.