மாங்குளத்தில் பெயர்ப்பலகை இல்லாத கராச்

என்னுடைய பழைய மொறிஸ் மைனர் கார் நாலு மாதமாக நிற்காமல் முறிகண்டி தாண்டியதில்லை. கிளிநொச்சியில் இருந்து நல்லபடி வெளிக்கிடும். முறிகண்டி கிட்ட வர இழுவை குறைந்து, இரண்டு தரம் இருமி, நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்ரார்ட் ஆகும். "முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அது போகாது" என்று மனிசி சிரிப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் வேறொரு கராச்சில் பொறி கொடுக்கும் கொயில், பொயின்ற், கொண்டென்சர், பிளக், கடைசியில் காபரேட்டருக்கு வாசர் செட் என்று 38,000 ரூபா கொடுத்து முடித்திருந்தேன். அங்கே கொட்டிலுக்குள் காரை விட்டு எஞ்சினைச் சுழலவிட்டுப் பார்ப்பார்கள். நின்ற இடத்தில் அது ஒருநாளும் பிழை காட்டியதில்லை.

மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் இந்த இடத்தைக் காட்டினார். ஒட்டுசுட்டான் வீதியில் கொஞ்சத் தூரம் போக இடதுபக்கம் ஒரு பாலை மரம், அதன்கீழ் தகரக் கொட்டில். பெயர்ப்பலகை கிடையாது. கராச் நடத்தும் அண்ணைக்கு அறுபது தாண்டியிருக்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது தொழில் பழகியவர். வன்னிக்குள் பெற்றோல் தங்கமாக இருந்த நாட்கள் அவை. ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல், சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். 2002இல் ஏ9 வீதி திறக்கும்வரை இப்படி எத்தனை எஞ்சினை ஓட்டியிருப்பார்! பெற்றோல் எங்கே தடைப்படுகிறது என்பதை அவர் காதாலேயே பிடிக்கிறார்.

கதையைக் கேட்டவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. "ஏறுங்கோ தம்பி, நிக்கிற இடத்துக்குப் போவம்" என்று பக்கத்து சீற்றில் ஏறிவிட்டார். 18 கிலோமீற்றரில் வழமையான இருமல் தொடங்கியது. "சோக்கை இழுங்கோ" என்றார். இழுத்ததும் கொஞ்சம் உயிர் வந்தது, பிறகு நின்றது. அவருக்கு அதுவே பாதி விடை. கொயில் சூடாகிப் படுத்திருந்தால் சோக்குக்கு மசியாதாம். பெற்றோல் குறைவாக வந்தால்தான் சோக் கைகொடுக்கும். எதற்கும் பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தார். பொறி நீலமாகப் பாய்ந்தது. காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டி பெற்றோல்கூட இல்லை.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு, காபரேட்டருக்குப் பெற்றோல் அனுப்பும் எஸ்.யூ. மின் பம்மின் பாஷை தெரியும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று கொஞ்ச நேரம் தட்டி, கிண்ணம் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் படபடத்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் தாங்கி வெறுமை. எஞ்சின் ஓடாதபோதும் இடைக்கிடை ஒரு டிக் கேட்டால் கிண்ணத்தின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை. அன்றைக்குச் சத்தமே இல்லை. பம்தான் போச்சு என்று நான் ஸ்பானரால் அதன் தலையில் தட்டப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். தாங்கியில் இருந்து பம்முக்கு வரும் குழாயை மட்டும் கழற்றினார். உடனே பம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது.

"பம் சாகேல்லை தம்பி. பின்னாலை ஆரோ கழுத்தைப் பிடிச்சிருக்கிறான்."

என்னைத் தாங்கி வாயில் காது வைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் குழாய்க்குள் சைக்கிள் பம்மால் காற்றடித்தார். உள்ளே குபுகுபு என்று கொப்பளித்தது. திரும்ப மாட்டியதும் ஒரு சிணுக்கமும் இல்லாமல் கராச்வரை வந்தது. நானென்றால் அத்தோடு காசைக் கொடுத்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் விடவில்லை. ஊதிய குப்பை எங்கே போகும், தாங்கிக்குள்தானே.

டிக்கியில் இருந்து தாங்கியை இறக்கி, மண்ணெண்ணெயும் ஒரு துண்டுச் சங்கிலியும் போட்டு அவரும் கராச்சில் உதவிக்கு நிற்கும் பொடியனுமாக உருட்டினார்கள். செம்மண் சேறுபோலத் துரு வந்தது. மூன்றாம் தரம் கவிழ்த்தபோது உள்ளங்கை அளவு நீலச் சொப்பின் பைத் துண்டொன்று விழுந்தது. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. 2022 தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டுக்கு வரிசையில் நின்று எடுத்த பெற்றோலைக் கானில் பத்திரப்படுத்தியபோது, மூடி ஒழுகாமல் இருக்க நான் வைத்த அதே நீலப் பை. ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும், நின்றதும் விலகும். காபரேட்டரைக் கழற்றிப் பூட்டிய ஆளை நாலு மாதம் திட்டியவன் நான்தான். அண்ணை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, துண்டைத் தடியால் எடுத்துப் பொடியனுக்குக் காட்டிவிட்டுப் போட்டார்.

கூலியும் பழைய றப்பர் குழாய்க்குப் பதில் புதுக் குழாயும் சேர்த்து 6,500 ரூபா. பில் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. காலை எட்டரைக்குப் போன நான் பின்னேரம் நாலு மணிக்குத்தான் திரும்பினேன். நிழலில் ஒரு உடைந்த கதிரை, அவ்வளவுதான். தொலைபேசியை எடுக்க மாட்டார். புதிதாகப் போட்ட பிளாஸ்ரிக் பெற்றோல் வடியைச் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். பங்குனி வெயிலுக்கு அது சரிவராது என்று பிறகு நானே தள்ளி மாட்டினேன். பொடியனையும் கவனியுங்கள். மைனரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் காரின் உடலுக்குப் போகும். அவன் மற்றக் கார்களைப்போல நெகற்றிவைக் கொழுவப் போய், நல்லகாலம் நான் பக்கத்தில் நின்றேன்.

போகிறவர்கள் கார் நிற்கும்வரை ஓடுவதற்கு அளவாகப் பெற்றோல் அடித்துக்கொண்டு போங்கள். தாங்கியை இறக்க வேண்டிவரும், முழுக்க நிரப்ப வேண்டாம்.