டிராவல்ஸ் ஓகே, அவங்க சொல்ற 'ஜங்கிள் சஃபாரி' வேணாம் (முதுமலை டிரிப், 3/5)

தண்டையார்பேட்டைல டிஎச் ரோடு மேல இருக்கற ஒரு சின்ன டிராவல்ஸ். பேரு போடல, போட்டா வீட்டாண்ட வந்து நிப்பாங்க. 5க்கு 3 குடுக்கறேன், அந்த 3ம் டிரெயின், ரூம், வண்டிக்குத் தான். சஃபாரிக்கு முட்டை.

இவங்களுக்கு மெயின் பிசினஸே திருப்பதி, வேளாங்கண்ணி, சீசன்ல சபரிமலை, அதுல கில்லி. காட்டுக்குப் போணும்னு கேட்டதும் லேமினேட் போட்ட ஷீட்டு ஒண்ணு எடுத்து நீட்டுனாரு, மேல 'முதுமலை 3 நாள்'னு இருக்கு, கீழ பிடரி முடியோட பெரிய சிங்கம் படம். அண்ணே முதுமலைல ஏதுண்ணே சிங்கம், அது குஜராத்ல கிர் காட்டுல தானேன்னா, அத வுடுங்க சார், புலி கேரண்டி, அங்க நம்ம ஆளு இருக்கான்னு சொல்றாரு. புலிக்கே கேரண்டி குடுக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்.

பேக்கேஜ்ல 'ஜங்கிள் ஜீப் சஃபாரி'ன்னு தலைக்கு ஒரு ரேட்டு போட்டிருந்தாங்க. ஜீப் எங்கேந்து கெளம்பும், ஃபாரஸ்ட் டிக்கெட் கைல குடுப்பீங்களான்னு ரெண்டே கேள்வி தான் கேட்டேன், மனுஷன் மென்னு முழுங்கறாரு. கடைசில பாத்தா அது முதுமலைய ஒட்டி இருக்கற மசினகுடி ஊர்ல கெடைக்கற பிரைவேட் ஜீப்பு, சுத்துப்பட்டு ரோட்டுலயே ஓட்டிட்டு வந்து எறக்கி வுட்டுடுவான். காட்டுக்குள்ள சவாரி கூட்டிட்டுப் போறது வனத்துறை மட்டும் தான், தெப்பக்காட்டுல இருந்து காலைலயும் சாயங்காலமும் வண்டி கெளம்பும், டிக்கெட்ட புலிகள் காப்பகத்தோட வெப்சைட்லயே போட்டுக்கலாம். அந்த காச கழிச்சுட்டு மீதிக்கு பில் போடுங்கண்ணேன், மூஞ்சி சுருங்குச்சு, ஆனா கழிச்சாரு, அது வரைக்கும் நல்ல மனுஷன்.

மத்ததெல்லாம் உண்மையிலயே சோக்கா பண்ணாங்க. சென்ட்ரல்ல நைட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுனா விடியக்காலைல மேட்டுப்பாளையம், ஸ்டேஷன் வாசல்லயே டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் வண்டி ரெடி. இது முக்கியம்பா, ஏன்னா ஊட்டிலேந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு, வெளியூர் நம்பர் வண்டிய அந்தப் பக்கமா எறங்க விடமாட்டாங்க, கூடலூர் சுத்தித் தான் போணும். சொந்த வண்டில போறவங்க இபாஸ் எடுத்துக்கணும், 2024 மே மாசத்துலேந்து நீலகிரிக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் அங்க தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கங்கன்னு மொத நாளே போன் பண்ணி சொன்னதுக்கு தனியா ஒரு சபாஷ். ரூம் மசினகுடில, சுமார், வெந்நீர் வந்துச்சு, அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

டிரஸ் விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், பளபளன்னு மஞ்ச, செவப்புலாம் வேணாம், வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுல காக்கியோ பாசிப்பச்சையோ சீப்பா ஒரு சட்டை எடுத்துக்கங்க, செண்ட்டு அடிக்காதீங்க.

வனத்துறை வேன்ல கடைசி சீட்டு கெடைச்சா முதுகு காலி, ஆனா பாத்தது வேற லெவல். புள்ளிமான் கூட்டம் கூட்டமா, காட்டெருமை ஒண்ணு ரோட்டோரமா நின்னு அசையாம எங்களயே பாக்குது, முட்டிக்குக் கீழ நாலு காலும் வெள்ளை சாக்ஸ் போட்டா மாதிரி. ஒரு எடத்துல மேல மரத்துல மந்தி ஒண்ணு கத்த ஆரமிச்சுது, டிரைவர் டக்குனு இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, புலியோ சிறுத்தையோ கிட்ட இருந்தா தான் இப்டி கத்தும்னு மெதுவா சொல்றாரு, வேனே மூச்சு விடல, அப்ப பாத்து முன் சீட்டு ஃபேமிலி சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சுச்சு பாருங்க. மந்தியும் அடங்கிடுச்சு. புலியும் வரல. பரவால்ல, திரும்பி வரும்போது குட்டியோட யானைக் கூட்டம் பாத்தாச்சு, எங்கம்மாவுக்கு அதுவே போதும்.

மைசூர் பக்கம் போய்ட்டு திரும்பறவங்க டைம பாத்துக்கங்க, பந்திப்பூர் காட்டு ரோட்ட நைட்டு 9 மணிக்கு மூடுனா காலைல 6க்கு தான் தொறப்பாங்க. வெயில் காலத்துல காட்டுத்தீ பயத்துல சவாரியவே சில சமயம் நிறுத்திடுவாங்க, அதனால பிப்ரவரிலேந்து ஏப்ரல் வரைக்கும் போறவங்க ரூமுக்கு அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி சவாரி ஓடுதான்னு கேட்டுக்கங்க, இத இந்த டிராவல்ஸ்ல நீங்களா கேட்டா தான் சொல்லுவாங்க.

அடுத்து டாப்சிலிப் பாக்கணும்னு வீட்ல பேச்சு ஓடுது. டிரெயினும் ரூமும் இவர்கிட்டயே தான் போடுவேன், காட்டு டிக்கெட் நானே பாத்துக்குவேன்.