48,500 ரூபா குடுத்து பல்லி முட்டை பாத்த கதை

ஆறினாப் பிறகு எழுதமாட்டன், அதாலை கோவத்தோடையே எழுதிப்போடுறன். நல்லூர்ப் பக்கம் சின்ன லொட்ஜ் ஒண்டு வைச்சிருக்கிறம், 16 கமராவும் வயர் கொழுவிற 24 ஓட்டை இருக்கிற ஒரே ஒரு நெற்வேர்க் ஸ்விச்சிலைதான் ஓடுது, கமராவுக்குக் கறண்டும் அந்த வயருக்குள்ளாலைதான் போறது. போன மாதம் பச்சையா எரிஞ்ச சிஸ்டம் லைற் செம்மஞ்சளாப் போச்சு, ஃபோனுக்கும் ஒரே டெம்பரேச்சர் வோர்னிங். மூடியைக் கழட்டிப் பாத்தா உள்ளுக்கை ஒரே தூசி, சேர்க்கிட் போர்ட் மூலையிலை ஒட்டினபடி ரண்டு பல்லி முட்டை. தொடப் பயம், அப்பிடியே மூடிக்கொண்டு ரவுணிலை ஒரு றிப்பேர் கடைக்குப் போனன்.

கடைக்காரப் பெடியன் ஸ்விச்சிலை காதை வைச்சுக் கேட்டான், டொக்டர் நெஞ்சிலை குழாய் வைக்கிற மாதிரி. "அண்ணை, போர்ட் போட்டுது, மாத்தவேணும், புதுசு எடுக்கிறதிலும் பாக்க லாபம், 48,500 தாங்கோ, உங்கட தம்பியெண்டு நினையுங்கோ" எண்டு சொல்லி தனக்கு வந்த பிளேன்ரீயை எனக்கு நீட்டினான். அந்தத் தேத்தண்ணியிலைதான் நான் விழுந்தது. பில் கேட்டன், "எங்களுக்கை என்ன பில்லண்ணை" எண்டான், திருப்பிக் கேக்க எனக்கே வெக்கமாப் போச்சு. 48,500, எண்ணிக் குடுத்தன்.

ரண்டு நாளிலை பச்சை லைற்றோடை வந்துது, வோர்னிங்கும் இல்லை. பதினோராம் நாள் இரவு கமரா முழுக்கக் கறுப்பு. கொழும்பிலை நெற்வேர்க் வேலை செய்யிற மச்சானுக்கு அடிக்க, அவன் லப்டொப்பைக் கொழுவச் சொல்லி "ஷோ என்வ் ஆல்" எண்டு அடிக்கச் சொன்னான், ஸ்விச்சின்ரை சூடு, ஃபான் எல்லாம் எப்பிடி இருக்கெண்டு காட்டுற கட்டளையாம். உள்ளுக்கை சூடு தணிக்கிற ஃபான் ஃபோல்ற்றி, அதாவது பழுது, எண்டு வந்துது. வோர்னிங் வராததுக்குக் காரணம் அந்தக் கடைக்காரப் பெடியன் ஃபோனுக்கு அலேர்ட் அனுப்பிறதையே நிப்பாட்டி வைச்சிருக்கிறான்! ஃபானிலை மூண்டு வயர் இருக்குமாம், மூண்டாவதுதான் எவ்வளவு வேகமாச் சுத்துதெண்டு சொல்லுறது, அது குறைஞ்சா லைற் நிறம் மாறுமாம். அந்தப் பழைய ஃபானுக்கு எண்ணெய் விட்டுச் சுத்த விட்டிருக்கிறான், அவ்வளவுதான். மூடியைத் திறந்தன். அதே மூலையிலை அதே ரண்டு முட்டை. போர்ட் மாத்தினவன் முட்டையையும் கழட்டிப் புதுப் போர்ட்டிலை ஒட்டினவனோ?

கடைக்குப் போனா "முதலாளி கொழும்புக்குப் போட்டார், திங்கள் வாங்கோ". திங்கள் போனா "கறண்ட் ஏறி இறங்கினது அண்ணை, அது எங்கட பிழையில்லை". இப்ப வட்ஸப்பிலை நீலக் கோடு மட்டும் விழுது. புது ஃபான் நானே வாங்கிப் போட்டன், ரண்டாயிரமும் வரேல்லை. வெக்கையிலை வயர் கொழுவிற ரண்டு ஓட்டை செத்தது வேறை. 48,500!

விளக்கமா எழுதத்தான் இருந்தனான், இப்ப ஏலாது. குடுக்க முதல் உள்ளுக்கை ஃபோட்டோ எடுங்கோ, கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கோ, ஆர் தம்பி எண்டாலும் பில் இல்லாமல் காசு குடுக்காதேங்கோ, முதல்லை ஃபானைப் பாருங்கோ. நான் நாளைக்கு 1977க்கு அடிச்சு பாவனையாளர் அதிகாரசபையிட்டைச் சொல்லப்போறன், பில் எங்கை எண்டு கேட்டா என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை. மனுசி கூப்பிடுறா, கேற் கமரா திரும்பவும் கறுப்பாம்.