பெந்தோட்டை ஆற்றில் நீர்ச்சறுக்கு: படகில் இரண்டாவது ஆள் இருக்கிறாரா?

கடந்த தை மாதம் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, கொழும்புக்குத் தெற்கே அறுபது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் இருக்கும் பெந்தோட்டைக்கு மகனையும் அக்காவின் மகனையும் நீர்ச்சறுக்குக்காக, அதாவது படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி நீரின் மேல் சறுக்குவதற்காக, கூட்டிச் சென்றேன். கடலில் கலப்பதற்கு முன் மணல்திட்டின் உட்புறமாக ஆறு கரையை ஒட்டி ஓடுவதால், அங்கே அலை எட்டாத அகன்ற நீர்ப்பரப்பு கிடைக்கிறது.

நாங்கள் போன இடத்தில் மரியாதையாக நடத்தினார்கள். மகனுக்குத் தந்த உயிர்காப்பு அங்கியைத் தோளில் பிடித்துத் தூக்கியபோது அது காதுவரை ஏறியது. சொன்னவுடன் சிறியதாக மாற்றித் தந்தார்கள். ஆனால் படகில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

கனடாவில் சறுக்குபவரை இழுக்கும் படகில், ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் அவரையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். இழுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் படகில் இருக்கை இருக்க வேண்டும், சூரியன் மறைந்து ஒரு மணிநேரத்தின் பின், மீண்டும் அது உதிக்கும்வரை இழுக்கவே கூடாது என்பனவும் அதில் உண்டு. ஏறத்தாழ 23 மீற்றர் கயிற்றின் முனையில் ஒருவர் விழுந்தால் முன்னே பார்த்து ஓட்டுபவருக்கு அது தெரியாது. அவர் பின்னே திரும்பினாலோ எதிரே வரும் படகு தெரியாது. கண்டற்காடு பார்க்கச் செல்லும் சுற்றுலாப் படகுகளும் அதே ஆற்றில்தான் ஓடுகின்றன. நீரில் தலை மட்டும் தெரியும் பிள்ளையை அவை காணத் தவறலாம் என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

“தம்பி, பின்னால் பார்க்க ஓர் ஆள் ஏறாமல் பிள்ளைகளை விடமாட்டேன்” என்றேன். தர்கா நகரைச் சேர்ந்த, தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் தயங்காமல் ஏறிக்கொண்டார். பெருவிரல் மேலே என்றால் வேகம் கூட்டுவது, கீழே என்றால் குறைப்பது, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்துவது, விழுந்தபின் இரு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் காயமில்லை என்பது ஆகிய சைகைகளைக் கரையிலேயே பேசி முடித்தோம்.

அக்காவின் மகன் மூன்று முறை விழுந்தான். மூன்று முறையும் இளைஞர் உடனே குரல் கொடுத்தார். ஓட்டுநர் மெதுவாக வளைந்து, விழுந்தவனைத் தன் பக்கத்தில் பார்வைக்குள் வைத்தபடி நெருங்கினார். அவனைப் படகில் ஏற்றும் முன் எஞ்சினை முழுவதும் அணைத்தார். நியூற்றலில் விட்டால் போதும் என்று நினைப்பவர்களைக் கனடாவிலும் கண்டிருக்கிறேன் என்பதால், இதை மனதாரப் பாராட்டினேன்.

இரண்டாவது ஆளுக்கென்று தனிக் கட்டணம் கேட்கவில்லை. போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே அவரைக் கேட்டுப் பெறுங்கள்.