புதியது என்று விற்கப்பட்ட பின் சைட்: பீப் சைட் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

இலக்கு சுடும் ரைஃபிளுக்குப் பீப் சைட் (கண்ணருகே உள்ள சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பின் சைட்) வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள், முழுத் தொகையைக் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். யாரோ பயன்படுத்தி மரை தேய்ந்துபோன ஒரு பின் சைட், புதியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது. விற்றவரே அதைப் பொருத்தியும் தந்தார், பொருத்தியதும் தவறு. அந்தத் தவறுகளை மறைக்க என் கண்ணின்மீதும் நான் ரைஃபிளைப் பிடிக்கும் நிலையின்மீதும் அவர் பழி போட்டார். அதை நம்பி ஐந்து மாதப் பயிற்சியை இழந்தேன். அவர் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் அளவுகளோடு சொல்கிறேன்.

என்னுடையது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதோடு வந்த பின் சைட்டில் ஒரு கிளிக் (குமிழைத் திருப்பும்போது சத்தத்தோடு நகரும் ஒரு படி) திருப்பினால் குறி நகரும் தூரம் எனக்குச் சற்று அதிகமாகத் தோன்றியதால், இன்னும் நுண்ணிய கிளிக் உள்ள ஒன்றைத் தேடினேன். ஒரு கிளிக்குக்கு இலக்குத்தாளில் அரை மில்லிமீட்டர் நகரும் சைட் தன்னிடம் இருப்பதாக அவர் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது திருகுகளைச் சுற்றிக் கெட்டியான கிரீஸ் அப்பியிருந்தது. தொழிற்சாலையில் அப்படித்தான் வரும் என்றார். சைட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது என் கட்டைவிரலில் கறுப்பு மை ஒட்டியது. உலோகத்தின்மேல் ஏற்றப்பட்ட கறுப்புப் பூச்சு விரலில் ஒட்டாது; தேய்ந்து வெளுத்த முனைகளின்மேல் மார்க்கர் பேனாவால் தீட்டியிருந்தால்தான் ஒட்டும். கிரீஸும் தொழிற்சாலையில் போட்டதல்ல என்பது பிறகு தெரிந்தது. தேய்ந்த மரையில் உள்ள ஆட்டத்தைக் கெட்டி கிரீஸ் விரலுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். குமிழைத் திருப்பும்போது இறுக்கமாக, புதியதைப் போலவே இருக்கும்.

முதல் வாரத்திலேயே கோளாறு தெரிந்தது. பெல்லட்டுகள் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டுகள்) கொஞ்சம் இடப்பக்கம் விழுகின்றன என்று இரண்டு கிளிக் வலப்பக்கம் திருப்புவேன்; எதுவும் மாறாது. மேலும் இரண்டு கிளிக் வைத்தாலும் மாறாது. அதற்கும் மேல் ஒன்று வைத்தால் திடீரென்று நகரும். நேற்று மாலை நடுவில் பத்துப் புள்ளியில் விழுந்துகொண்டிருந்த குறி, இன்று காலை எட்டரைப் புள்ளியில் விழும். அவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது குமிழை இரண்டு முறை சுழற்றிப் பார்த்துவிட்டு, “சார், சைட்டில் ஒன்றும் இல்லை. உங்கள் கன்னம்தான் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் உட்காருகிறது” என்றார். கன்னம் ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டைப் பகுதியில்) ஒரே இடத்தில் பதிய வேண்டும் என்பது உண்மைதான் என்பதால், அந்தச் சொல்லை நான் மறுக்கவில்லை. உண்மையான ஒரு விதியைச் சொல்லிப் பொய்யை மறைத்தால் கண்டுபிடிப்பது கடினம்.

இவ்வளவு சிறிய ஆட்டம் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில் இருக்கும்போது, பின் சைட்டின் துளை நகரும் தூரத்தைப் போலப் பன்னிரண்டரை மடங்கு இலக்குத்தாளில் குறி நகரும். துளை 0.1 மி.மீ. தளர்ந்தாலே பெல்லட் 1.25 மி.மீ. தள்ளி விழும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்குத்தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.; அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம். ஆக, கண்ணுக்கே தெரியாத அந்தத் தளர்ச்சி, ஒரு வளையத்தைப் பத்தாகப் பிரித்து எண்ணும் தசமக் கணக்கில் அரைப் புள்ளி. 60 ஷாட் கொண்ட போட்டியில் அது எவ்வளவு என்று சுடுபவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு வழி காட்டியவர் பயிற்சியிடத்தில் உள்ள மூத்த வீராங்கனை ஒருவர். என் இலக்குத்தாள்களைப் பார்த்துவிட்டு, உங்கள் க்ரூப் (சுட்ட துளைகளின் கூட்டம்) சிறியதாகத்தானே இருக்கிறது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிலை மாறினால் க்ரூப் பரவுமே தவிர இப்படி மொத்தமாக இடம் பெயராதே என்றார். ஐந்து மாதத்தில் யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பிறகு சதுரச் சோதனை செய்யச் சொன்னார். மணல் மூட்டையின்மேல் ரைஃபிளைத் தாங்கி வைத்து, குறிவைக்கும் இடத்தை மாற்றாமல் ஐந்து பெல்லட் சுட வேண்டும். பிறகு 20 கிளிக் வலப்பக்கம் திருப்பி ஐந்து. 20 கிளிக் மேலே ஏற்றி ஐந்து. 20 கிளிக் இடப்பக்கம் திருப்பி ஐந்து. கடைசியாக 20 கிளிக் கீழே இறக்கி ஐந்து. அரை மில்லிமீட்டர் கிளிக் என்றால் பக்கத்துக்கு 10 மி.மீ. உள்ள ஒரு சதுரம் தாளில் உருவாக வேண்டும். கடைசி க்ரூப் முதல் க்ரூப்பின்மேலேயே வந்து உட்கார வேண்டும்.

சோதனைக்கு முன் பழைய கிரீஸை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டு, லேசான எண்ணெய் ஒரு துளி மட்டும் விட்டேன். குமிழைத் திருப்பும்போதே தெரிந்துவிட்டது. சத்தம் கேட்கிறது, ஆனால் விரலுக்கு எதிர்ப்பே இல்லை. வலப்பக்கமும் மேலேயும் போனவை சரியாக 10 மி.மீ. நகர்ந்தன. திசை மாற்றி இடப்பக்கம் திருப்பியபோது 8 மி.மீ. மட்டுமே திரும்பியது, கீழே இறக்கியபோது 7 மி.மீ. மட்டுமே. அதாவது பக்கவாட்டில் நான்கு கிளிக்கும் உயரத்தில் ஆறு கிளிக்கும் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் வெறுமனே சுழல்கின்றன. கடைசி க்ரூப் தொடங்கிய இடத்துக்கு 2 மி.மீ. வலப்புறமும் 3 மி.மீ. மேலும் விழுந்திருந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம், என் கன்னத்தையும் தோளையும் இடுப்பையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த அந்த ஐந்து மாதங்களை எண்ணி வேதனைப்படுகிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: திசை மாற்றும்போது சிறிதளவு ஆட்டம் நல்ல சைட்டுகளிலும் நாளடைவில் வரலாம். அதற்காகத்தான் அனுபவசாலிகள், வேண்டிய இடத்தைத் தாண்டித் திருப்பிவிட்டு எப்போதும் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிறுத்துவார்கள். ஆனால் ஆறு கிளிக் வெறுமனே சுழல்வது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது புதிய பொருளே அல்ல.

சைட்டைக் கழற்றியபோதுதான் பொருத்திய விதமும் வெளிப்பட்டது. ரைஃபிளின் மேலுள்ள, சைட்டை மாட்டும் பள்ளங்கள் கொண்ட ரெயில் 11 மி.மீ. என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்த அளவு ஒன்றாக இருந்தாலும், பள்ளத்தின் ஆழமும் சாய்வும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். ரெயிலைக் கவ்வும் சைட்டின் பிடிதாடை அந்தச் சாய்வில் முழுமையாகப் படிந்து உட்கார வேண்டும். என்னுடையதில் அது உட்காரவில்லை. உட்காரவைக்க அவர் தாடையின் கீழ் விளிம்பை அரத்தால் ராவியிருந்தார். அதுவும் போதாமல் ஒரு பக்கம் மெல்லிய தகரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகி, ஆலன் கீயால் முழு பலத்தோடு இறுக்கியிருந்தார். தகரத்தை எடுத்த இடத்தில் என் ரைஃபிளின் ரெயிலில் நகக்கீறலைப் போல வெள்ளையாக ஒரு பள்ளம் பதிந்திருக்கிறது. அது இனிப் போகாது.

ஒரு பக்கம் தகரம் இருந்ததால் சைட்டே சாய்ந்து நின்றது. சாய்ந்த சைட்டில் உயரக் குமிழைத் திருப்பினால் குறி பக்கவாட்டிலும் நகரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இலக்குத்தாளில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு அதையொட்டி நேர்க்கோடு வரைந்துகொண்டு, ரைஃபிள் சாயாதபடி தாங்கி வைத்துச் சுட்டபின், 40 கிளிக் ஏற்றி மறுபடி சுட வேண்டும். 20 மி.மீ. ஏறும்போது 1 மி.மீ. பக்கவாட்டில் விலகினாலே சைட் ஏறக்குறைய 3 பாகை சாய்ந்திருக்கிறது. பொருத்திய அன்றே சைட்டின் அடிப்பகுதியிலும் ரெயிலிலும் சேர்ந்தாற்போல் ஒரு பென்சில் கோடு போட்டு வையுங்கள். நூறு ஷாட்டுக்குப் பிறகு அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால் பிடி சரியில்லை.

அவர் செய்தவற்றில் என்னை மிகவும் கோபப்படுத்துவது உயரக் கட்டை விஷயம். நிற்கும்போது தலையை அதிகம் குனிய வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னதற்கு, பின் சைட்டுக்கு அடியில் மட்டும் 4 மி.மீ. உயரக் கட்டை ஒன்றை வைத்து, அதற்குத் தனியாகத் தொகையும் வாங்கினார். பின் சைட்டை 4 மி.மீ. உயர்த்தினால் 10 மீட்டரில் பெல்லட் 50 மி.மீ. மேலே போய்விடும், கறுப்பு வட்டத்தின் முழு விட்டமே 30.5 மி.மீ.தான். அதைச் சரிசெய்ய அவர் உயரக் குமிழைக் கீழே, கீழே என்று திருப்பிக்கொண்டே போனார். யோசித்துப் பாருங்கள்: கட்டை 4 மி.மீ. உயர்த்தியதைக் குமிழ் 4 மி.மீ. இறக்கிவிட்டது. துளை முன்பிருந்த அதே உயரத்தில்தான் நிற்கிறது. என் தலையும் அதே அளவு குனிந்துதான் இருக்கிறது. கிடைத்ததெல்லாம், இனிக் கீழே இறக்க இடமில்லாமல் மரையின் கடைசியில் நிற்கும் ஒரு சைட். உயரக் கட்டை வைப்பதென்றால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் விற்பவர் இதை அறியாதவர், அல்லது அறிந்தே விற்பவர்.

இலக்கின் கறுப்பு வட்டத்தை நடுவில் வைத்துக் குறிபார்ப்பதற்காக முன் சைட்டில் போடும் வளையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2.8 மி.மீ. வளையத்தைத் தந்து, வெள்ளை இடைவெளி மெல்லியதாக இருந்தால்தான் துல்லியம் என்றார். கண்ணிலிருந்து முன் சைட் ஏறக்குறைய 86 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது, 10 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் அங்கே 2.6 மி.மீ. அளவாகத் தெரியும். 2.8 மி.மீ. வளையத்தில் சுற்றிலும் மிஞ்சுவது 0.1 மி.மீ. வெளிச்சம். உடல் சற்று அசைந்தாலே கறுப்பு வளையத்தைத் தொட்டுவிடுகிறது. தொடாத கணத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து விசையை இழுக்கும் நேரம் தவறிப்போகிறது. இப்போது 3.8 மி.மீ. வைத்திருக்கிறேன். கறுப்பைச் சுற்றி அகலமான வெள்ளைப் பட்டை தெரிகிறது. கறுப்பு நடுவில் இருக்கிறதா என்பதைக் கண் உடனே உணர்ந்துவிடுகிறது. சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஒரு வளையத்தை மட்டும் தந்து அனுப்புபவரிடம், அளவை மாற்றிப் பார்க்கும்படியான வளையமோ முழுத் தொகுப்போ கேளுங்கள். முன் சைட்டின் குழாய் 18 மி.மீ. வகையா 22 மி.மீ. வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வளையம் மற்றொன்றில் பொருந்தாது.

வளையம் மங்கலாகத் தெரிகிறது என்று நான் சொன்னபோது, லென்ஸ் பொருத்திய ஐரிஸ் (பின் சைட்டின் துளையைப் பெரிதாக்கவோ சுருக்கவோ உதவும் பாகம்) ஒன்றையும் விற்றார். போட்டிக்கு முந்தைய உபகரணப் பரிசோதனையில் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதிகளின்படி சைட்டில் லென்ஸ் இருக்கக் கூடாது. வண்ண ஃபில்டர் இருக்கலாம். பார்வைக் குறைக்கான லென்ஸை, சுடுபவர் கண்ணாடியாக அணிந்துகொள்ளலாம். பிற அமைப்புகளின் விதி வேறாக இருக்கக்கூடும் என்பதால், நீங்கள் சுடும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடிக்காரரிடம் போகும்போது முன் சைட்டின் தூரத்தை அளந்து சொல்லுங்கள். தூரப் பார்வைக்கான அளவோடு ஏறக்குறைய +0.50 டயாப்டர் (லென்ஸ் வலிமையின் அலகு) சேர்த்துத் தொடங்குவது சுடுபவர்களிடையே வழக்கம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஐரிஸைச் சுருக்கிக்கொண்டே போவது மங்கலுக்கு மாற்று அல்ல. 1.0 மி.மீ.க்குக் கீழே போகப் போகக் காட்சி இருண்டுவிடுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தாடையில் அரம் போட்ட தடம் இருக்கிறது, நீங்களே கழற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்று என்னிடமே சொன்னார். ரசீதில் ‘பின் சைட் – 1’ என்று மட்டும் இருந்தது. மாடலும் இல்லை, புதியது என்ற சொல்லும் இல்லை. அதனால் என்னால் எதையும் நிறுவ முடியவில்லை. மாடல், புதியதா பழையதா, சதுரச் சோதனையில் தேறாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வார் ஆகிய மூன்றையும் எழுதி வாங்காமல் யாரும் தொகையைக் கொடுக்க வேண்டாம். பொருத்துவதை நேரில் நின்று பார்ப்பதும், கழற்றிய நிலையில் ரெயிலைப் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

கடைசியில் மூன்றில் ஒரு பங்குத் தொகையைத் தந்துவிட்டு, அந்த சைட்டை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். பழைய சைட்டையே சுத்தம் செய்து மாட்டிக்கொண்டேன். சதுரச் சோதனையில் அதன் கடைசி க்ரூப் முதல் க்ரூப்பின்மேல் விழுகிறது. திருப்பிக் கொடுத்த சைட் இப்போது யாரிடமாவது புதியதாகக் காட்டப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் அடையாளம் சொல்கிறேன்: பிடிதாடையின் கீழ் விளிம்பில் குறுக்காக ஏழெட்டு அரத் தடங்கள் இருக்கும், உயரக் குமிழின் நடுத் திருகில் பள்ளத்தின் ஒரு பக்கம் சிதைந்திருக்கும், மேல் முனையை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் துணி கறுக்கும்.